இலையும் வேரும் இல்லாத செடியை வளர்க்க முடியுமா? தியென்மா வளர்ப்பு பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான்: காட்டில் இலையும் இல்லாமல் பச்சை நிறமும் இல்லாமல், மண்ணில் இருக்கும் பூஞ்சையைத் தின்றே வாழும் செடிகள் இருக்கின்றன. அவற்றை மண்ணோடு பெயர்த்து வந்து தொட்டியில் வைத்தால் ஏன் பிழைப்பதில்லை? யாராவது அப்படி ஒன்றை வளர்த்திருக்கிறார்களா? வளர்த்திருந்தால் எப்படி?

பெரும்பாலானவற்றை வளர்க்க முடியாது. ஆனால் ஒன்றை மட்டும் டன் கணக்கில் விளைவிக்கிறார்கள். காஸ்ட்ரோடியா எலாட்டா என்ற ஆர்க்கிட் அது. சீனாவில் அதன் பெயர் தியென்மா. யுன்னான், குய்சோ, ஹூபேய், ஷான்ஷி மாகாணங்களின் மலையூர்களில் அது பணப்பயிர். அதை எப்படி வளர்க்கிறார்கள் என்று பார்த்தாலே மற்றவை ஏன் தொட்டியில் செத்துப்போகின்றன என்பதும் விளங்கிவிடும்.

முதலில் ஒரு திருத்தம். பள்ளிப் பாடத்தில் இந்த வகைச் செடிகளை மட்குண்ணிகள் என்று படித்திருப்போம். மட்கிய இலைதழையை இந்தச் செடிகள் நேராக உண்பதில்லை. அதைக் கரைக்கும் நொதிகள் அவற்றிடம் கிடையாது. பூஞ்சைதான் உண்கிறது. செடி தன் உடலுக்குள் நுழைந்த பூஞ்சை இழைகளைச் செரித்து அதிலிருந்து சர்க்கரையும் தழைச்சத்தும் எடுத்துக்கொள்கிறது. ஆகவே கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: அந்தப் பூஞ்சைக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது?

இமயமலையிலும் ஜப்பானிலும் வட அமெரிக்காவிலும் வளரும் மோனோட்ரோப்பா யூனிஃப்ளோரா என்ற பச்சையமில்லாத செடியை எடுத்துக்கொள்வோம். 10 முதல் 30 சென்டிமீட்டர் உயரம், மெழுகு வெள்ளையில் தண்டு, உச்சியில் தலைகுனிந்த ஒரே பூ. பறித்தால் கருத்துவிடும். இதன் பூஞ்சை ருசுலா குடும்பத்துக் காளான்கள். அந்தக் காளான்கள் உயிருள்ள மரத்தின் வேரில் ஒட்டி, மரம் தரும் சர்க்கரையில் வாழ்பவை. ஸ்வீடனைச் சேர்ந்த எரிக் பியோர்க்மன் 1960-இல் இதன் நெருங்கிய உறவான மோனோட்ரோப்பா ஹைப்போபிட்டிஸை வைத்து ஒரு சோதனையை வெளியிட்டார். கதிரியக்கக் கார்பன் கொண்ட சர்க்கரையை மரத்துக்குள் செலுத்தினார். சில நாட்களில் அது பக்கத்திலிருந்த மோனோட்ரோப்பாவுக்குள் வந்திருந்தது. மரம், மரத்தின் பூஞ்சை, பூஞ்சையின் முதுகில் இந்தச் செடி. இதைத் தொட்டியில் வைப்பது என்றால் மரத்தையும் சேர்த்து வைக்க வேண்டும். மண்ணைத் தோண்டும்போதே வேருக்கும் பூஞ்சைக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிடுகிறது. அதற்குப் பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும், எந்த உரம் போட்டாலும் பயனில்லை.

தியென்மாவின் பூஞ்சை வேறு வகை. ஆர்மில்லேரியா, அதாவது தேன் காளான். இது மரத்தை அழுகவைக்கும் பூஞ்சை. உயிருள்ள மரம் இல்லாமல் வெட்டிய விறகிலேயே வாழும். விறகை நாம் கொடுக்க முடியும். வளர்ப்பு முழுவதும் இந்த ஒரு வசதியின்மேல்தான் நிற்கிறது. தியென்மா விவசாயி உண்மையில் பயிரிடுவது ஆர்மில்லேரியாவை. கிழங்கு அதிலிருந்து திருடிக்கொள்கிறது. இந்தக் கோணத்தை விட்டுவிட்டுக் கிழங்கையே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் குழி வெறுங்குழியாகிறது.

செடியின் அமைப்பையும் சொல்லிவிடுகிறேன். தியென்மாவுக்கு இலை மட்டுமல்ல, வேரும் இல்லை. மண்ணுக்குள் ஒரு கிழங்கு, முதிர்ந்தது 8 முதல் 12 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். மேலே வருவது பூத்தண்டு ஒன்றுதான். ஆரஞ்சும் பழுப்புமான நிறத்தில் ஒரு மீட்டர் வரை நிமிரும், சில நேரம் அதற்கு மேலும். இலை இருக்க வேண்டிய இடத்தில் தண்டை ஒட்டிய மெல்லிய செதில்கள். தண்டு கிளம்பிப் பூத்துக் காய்த்து மடியும் இரண்டு மாதம் போக, மற்ற காலமெல்லாம் மண்ணுக்கடியில்தான். 2018-இல் இதன் மரபணுத்தொகுதியைப் படித்தபோது 18,969 மரபணுக்கள்தான் இருந்தன. அதுவரை படித்த பூக்கும் தாவரங்களில் அதுவே மிகக் குறைவு. ஒளிச்சேர்க்கைக்கு வேண்டியவை பெரும்பாலும் கழன்று போயிருந்தன. எனவே "கொஞ்சம் வெயில் காட்டினால் தேறுமா" என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

ஆர்மில்லேரியாவோடு இதற்குள்ள உறவை ஜப்பானியத் தாவரவியலாளர் ஷுன்சுகே குசானோ 1911-இல் விவரித்தார். ஆனாலும் வளர்ப்பு கைகூட அரை நூற்றாண்டு ஆயிற்று. 1960-களில் ஹூபேயில் சூ ஜின்தாங்கும் யுன்னானில் சோ ஷுவானும் கிழங்கை வைத்து வளர்க்கும் முறையை நிலைநிறுத்தினார்கள். விதையிலிருந்து வளர்க்க இரண்டாவதாக ஒரு பூஞ்சையும் வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

முதல் வேலை, பூஞ்சை ஏறிய கட்டை தயாரிப்பது.

ஓக், செஸ்ட்நட், பிர்ச், ஆல்டர், காட்டுச் செர்ரி போன்ற அகன்ற இலை மரங்கள் ஏற்றவை. பைன், சைப்ரஸ், கற்பூர மரம் போலப் பிசினும் வாசனை எண்ணெயும் உள்ளவை ஆகாது. அந்த எண்ணெய் பூஞ்சையைத் தடுக்கும். இலையுதிர்ந்த பிறகு, வசந்தத்தில் துளிர்க்கும் முன் வெட்ட வேண்டும். அப்போது மரத்தில் சத்து சேர்ந்திருக்கும், பட்டையும் கழன்று வராது. பட்டை முக்கியம்: ஆர்மில்லேரியா பட்டைக்கும் மரத்துக்கும் இடையில்தான் முதலில் பரவும். பட்டை உரிந்த கட்டை பாதி வீண்.

கட்டையின் விட்டம் 6 முதல் 10 சென்டிமீட்டர், நீளம் 40 முதல் 50 சென்டிமீட்டர். அதைவிடப் பருமனாக இருந்தால் பூஞ்சை ஏறத் தாமதமாகும். மெலிந்ததாக இருந்தால் ஒரே பருவத்தில் தீர்ந்துபோகும். வெட்டிய பின் சில வாரம் நிழலில் காயவிட்டு, இரண்டு மூன்று வரிசையில் 3 முதல் 5 சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டு, மீன் செதில்போலச் சாய்வாகப் போடுவார்கள். வெட்டு பட்டையைத் தாண்டி மரத்தைத் தொட்டால் போதும். பூஞ்சை நுழையும் வாசலும் அதுதான், பிறகு கிழங்கு ஒட்டிக்கொள்ளும் இடமும் அதுதான்.

விரல் பருமனுள்ள சுள்ளிகளையும் 4 முதல் 6 சென்டிமீட்டர் துண்டுகளாகச் சாய்வாக நறுக்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சுள்ளியில் பூஞ்சை சீக்கிரம் ஏறும்; கட்டையில் நின்று நிலைக்கும். ஒன்று உடனடிச் சாப்பாடு, மற்றது பருவம் முழுவதற்குமான கையிருப்பு. சுள்ளி மட்டும் போட்டவர்களுக்குத் தொடக்கத்தில் பிரமாதமாக வரும், கோடை நடுவில் பூஞ்சை பட்டினியாகிவிடும்.

பூஞ்சை வித்து புட்டியிலோ பையிலோ வாங்கலாம், மரத்தூளும் தவிடும் கலந்து காளான் வித்து தயாரிப்பது போலத்தான் அதையும் செய்கிறார்கள். நல்ல வித்து எது என்று பார்க்க ஒன்றை உடைத்துப் பாருங்கள். செம்பழுப்பு நிறத்தில், நுனி வெளுத்த சரடுகள், அதாவது பூஞ்சை இழைகள் திரண்ட கயிறுகள், பை முழுக்க ஓடியிருக்க வேண்டும். நுனி வெளுப்பாக இருந்தால் வளர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். சரடு முழுக்கக் கறுத்து, இழுத்தால் பொடுக்கென்று அறுந்து, உள்ளே வெறும் கூடாக இருந்தால் அது கிழடு. பச்சைப் பூசணம் ஒரு புள்ளி தெரிந்தாலும் அந்தப் பையை ஒதுக்குங்கள். அது ட்ரைக்கோடெர்மா, குழிக்குள் போனால் கட்டையை அதுவே பிடித்துக்கொள்ளும்.

கட்டை, சுள்ளி, வித்து மூன்றையும் ஈரமணலில் அடுக்கி மூடி வைத்தால் 20 முதல் 25 டிகிரியில் இரண்டு மூன்று மாதத்தில் பூஞ்சை ஏறிவிடும். பட்டையைக் கத்திமுனையால் நெம்பிப் பாருங்கள்: அடியில் வெள்ளைத் தோல்போலப் படர்ந்து, காளான் வாசம் அடித்தால் தயார். இருட்டில் அது மங்கலாக ஒளிரவும் செய்யும். ஆர்மில்லேரியா இழைகளுக்கு அந்தக் குணம் உண்டு.

இனிக் குழி.

கிழங்கு தூங்கும் காலத்தில் நட வேண்டும், நவம்பர் முதல் மார்ச் வரை. தண்ணீர் தேங்காத சரிவு, மணற்பாங்கான மண், சற்றே அமிலத்தன்மை. களிமண் என்றால் விட்டுவிடுங்கள். 30 சென்டிமீட்டர் ஆழம், 60 சென்டிமீட்டர் அகலம் போதும். நீளத்தை நிலம் பார்த்து வைத்துக்கொள்ளலாம். அடியில் மண்ணைக் கொத்திவிட்டு, நனைத்த இலைச்சருகு ஒரு படுகை. அதன்மேல் பூஞ்சை ஏறிய கட்டைகள், ஒன்றுக்கொன்று 3 முதல் 5 சென்டிமீட்டர் இடைவெளியில். விதைக்கிழங்கைக் கட்டையின் வெட்டு வாயோடு ஒட்டி, 10 முதல் 15 சென்டிமீட்டருக்கு ஒன்றாக வைக்க வேண்டும். கட்டையின் இரு முனையிலும் ஒவ்வொன்று கட்டாயம், அங்கேதான் சரடுகள் அதிகம் வெளியே வரும். இடைவெளியில் சுள்ளிகளைச் செருகி, மணலால் காற்றுப்பை இல்லாமல் நிரப்புங்கள். காற்றுப்பை இருந்தால் அங்கே வேறு பூசணம் குடியேறும். மேலே 10 முதல் 15 சென்டிமீட்டர் மண், அதற்கும் மேலே சருகு.

சதுர மீட்டருக்குச் சுமார் அரை கிலோ விதைக்கிழங்கு பிடிக்கும். விதைக்கிழங்கு என்பது பூமொட்டு வைக்காத, 2 முதல் 7 சென்டிமீட்டர் நீளமுள்ள வெளுத்த கிழங்கு. நகக்கீறல் அளவுகூடக் காயம் இருக்கக் கூடாது. ஏன் என்றால், கிழங்குக்கும் பூஞ்சைக்கும் நடக்கும் உறவு நட்பு அல்ல, இழுபறி. ஆர்மில்லேரியா கிழங்கைத் தாக்கவே வருகிறது. மரத்தைக் கொல்வது அதன் தொழில். கிழங்கின் வெளிப்பக்கச் செல்களில் காஸ்ட்ரோடியானின் என்ற பூஞ்சை எதிர்ப்புப் புரதம் இருக்கிறது. அது இழைகளை ஆழமாகப் போகவிடாமல் கட்டுப்படுத்துகிறது. எல்லை தாண்டி வந்தவற்றை உள்ளே இருக்கும் பெரிய செல்கள் செரித்துவிடுகின்றன. காயம்பட்ட இடத்தில் இந்தக் காவல் இல்லை. பூஞ்சை நேராக உள்ளே இறங்கும், ஒரு மாதத்தில் கிழங்கு கூழாகிவிடும்.

வெப்பநிலையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கிழங்கு வளரத் தொடங்குவது மண் 12 முதல் 14 டிகிரிக்கு வந்த பிறகு. 20 முதல் 25 டிகிரி உகந்தது. 30-ஐத் தொட்டால் கிழங்கும் பூஞ்சையும் இரண்டுமே நின்றுவிடும். அப்படியே சில வாரம் நீடித்தால் கிழங்கு வேகும். ஆனால் ஆர்மில்லேரியா 6, 8 டிகிரியிலேயே விழித்துக்கொள்ளும். இந்த இடைவெளியைக் கவனியுங்கள். இலையுதிர் காலத்தில் மண் 12 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது கிழங்கு செரிப்பதை நிறுத்திவிடுகிறது, பூஞ்சை மட்டும் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த நேரத்தில் விடாமல் மழை பெய்து மண் ஊறிப்போனால் நிலைமை தலைகீழாகிறது: அதுவரை பூஞ்சையைத் தின்ற கிழங்கைப் பூஞ்சை தின்னத் தொடங்குகிறது. குழியைத் திறந்தால் கட்டை முழுக்கக் கருஞ்சரடு பிரமாதமாக ஓடியிருக்கும், கிழங்கு இருந்த இடத்தில் தோல்கூடு மட்டும் கிடக்கும். "பூஞ்சை நன்றாகத்தானே ஏறியிருக்கிறது, கிழங்கு எங்கே போயிற்று" என்று குழம்புவது இந்தக் கட்டத்தில்தான். ஆகவே செப்டம்பரிலிருந்து தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டு, மழை வந்தால் வடிகால் வெட்டி, வேண்டுமானால் மேலே தார்ப்பாய் போட வேண்டும்.

கோடையில் இதற்கு நேர்மாறு. மண்ணைக் கைப்பிடியாகப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது, கீழே போட்டால் உதிர வேண்டும். அந்த ஈரம் குறைந்தால் முதலில் சரடுகளின் நுனி காயும். நுனி போனால் கிழங்குக்குச் சாப்பாடு நின்றுவிடும். பிறகு தண்ணீர் ஊற்றினாலும் பூஞ்சை புதிதாக நுனி விட்டு வந்து சேர நாளாகும். அந்த நாட்கள் கிழங்கின் வளர்ச்சியில் கழிவு.

குளிரும் வேண்டும். 3 முதல் 5 டிகிரியில் ஒரு மாதம் முதல் இரண்டு மாதம் வரை கிடந்தால்தான் விதைக்கிழங்கின் உறக்கம் கலையும். அந்தக் குளிர் கிடைக்காத கிழங்கை நல்ல கட்டையோடு நட்டாலும் முளைக்காமல் கிடந்து, கடைசியில் பூஞ்சைக்கு இரையாகும். குளிர்காலம் மிதமான ஊர்களில் ஈரமணலில் புதைத்துக் குளிர்பதன அறையில் வைத்து எடுத்து நடுவது இதற்காகத்தான். சமவெளி வெயிலில் இந்தப் பயிரை நினைக்கவே வேண்டாம்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஆர்மில்லேரியா என்பது தேயிலை, பழமரம், காட்டுமரம் எல்லாவற்றுக்கும் வேரழுகல் நோய் தரும் பூஞ்சை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மால்ஹியர் காட்டில் ஒரே ஆர்மில்லேரியா சுமார் 965 ஹெக்டேர் பரவிக் கிடக்கிறது. அது ஓடிய பாதை நெடுகப் பட்டமரங்கள். தோட்டத்துக்குப் பக்கத்தில் ஆசைக்காக அதைப் புதைப்பது விவேகமல்ல.

விதையிலிருந்து வளர்ப்பது ஏன் தனிக் கதை என்று பார்ப்போம். கிழங்கிலிருந்து கிழங்கு எடுத்துக்கொண்டே போனால் மூன்று நான்கு தலைமுறையில் உருவம் சிறுத்து மகசூல் விழுந்துவிடும். பூஞ்சையும் அப்படித்தான், ஒரே வித்தைத் திரும்பத் திரும்பப் பெருக்கினால் சரடு மெலியும். இரண்டையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். பூஞ்சைக்குப் புதிய தொகுதி பிரித்தெடுப்பார்கள். கிழங்குக்கு விதைதான் வழி.

ஒரு காயில் பல பத்தாயிரம் விதைகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மூச்சு விட்டால் பறந்துவிடும். நெல்லிலோ உளுந்திலோ இருப்பது போலச் சேமித்த உணவு அதற்குள் எதுவும் கிடையாது, வெறும் கரு. அந்தக் கருவை ஊட்டி எழுப்புவது ஆர்மில்லேரியா அல்ல, மைசீனா என்ற சின்னஞ்சிறு காளான். அது விழுந்த இலையை மட்கவைக்கும் பூஞ்சை. இதை 1980-களில் கண்டுபிடித்த பிறகுதான் விதைப்பு நம்பகமான வேலையாயிற்று. ஆர்மில்லேரியா மட்டும் இருக்கும் படுகையில் விதை தூவினால் முளைப்பு கெட்டுவிடும். அந்தப் பூஞ்சை விடும் பொருள்கள் முளைப்பைத் தடுக்கின்றன. எனவே முதலில் மைசீனா, பிறகு ஆர்மில்லேரியா. குழந்தைப் பருவத்துக்கு ஒரு செவிலி, வளர்ந்த பிறகு வேறொருவர் வீட்டுச் சோறு.

வேலை இப்படி நடக்கும். 100 கிராமுக்கு மேற்பட்ட, மொட்டு பருத்த, காயமில்லாத கிழங்குகளைக் குளிர் முடிந்ததும் நிழல் கொட்டகையில் மணலில் நடுகிறார்கள். பூத்தண்டு கிளம்புவதற்குப் பூஞ்சை தேவையில்லை. கிழங்கில் சேர்ந்திருப்பதே போதும். தண்டு உயர்ந்ததும் குச்சி நட்டுக் கட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் காற்றில் ஒடியும். 30 முதல் 50 பூக்கள் கீழிருந்து மேலாக மலரும். மகரந்தச் சேர்க்கை கையால்தான். பூ மலர்ந்த அன்றோ மறுநாளோ, ஊசி முனையால் மகரந்தப்பையின் மூடியை நீக்கி, உள்ளிருக்கும் மகரந்தத் திரளை எடுத்து, அடியில் பசைபோல மினுங்கும் சூல்முடியில் ஒட்டினால் ஆயிற்று. தண்டின் உச்சியில் கடைசியாக வரும் சில மொட்டுகளைக் கிள்ளிவிடுவது நல்லது. கீழ்க் காய்களுக்குச் சத்து சேரும். அசுவினி மொய்த்தால் மென்மையாகத் துடைத்துவிட வேண்டும்.

சேர்க்கை நடந்த 15 முதல் 20 நாளில் காய் முற்றும். வெடிக்கும் முன்பே பறிப்பதுதான் சூட்சுமம். காயின் ஆறு வரிகளும் துலக்கமாகத் தெரிந்து, அழுத்தினால் மெத்தென்று இருந்து, பிளந்து பார்த்தால் விதை வெண்மையாக உதிரும் நிலையில் இருக்க வேண்டும். வெடித்த காயின் விதை முளைப்புத்திறன் சரிந்துபோயிருக்கும். பறித்த விதை சாதாரண வெப்பத்தில் சில நாள்கூடத் தாங்காது; அன்றே விதைக்க முடியாவிட்டால் குளிர்பெட்டியில் 3 முதல் 5 டிகிரியில் வைத்துச் சீக்கிரம் முடித்துவிட வேண்டும்.

மைசீனா ஏறிய ஓக் இலைகளைப் பையிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகப் பிரித்து ஓர் அகன்ற பாத்திரத்தில் போட்டு, காயைப் பிளந்து விதையைச் சீராகத் தூவிக் கலக்க வேண்டும். மின்விசிறி ஓடக் கூடாது, சன்னல் திறந்திருக்கக் கூடாது. சதுர மீட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு காய் போதும். கூடுதலாகத் தூவினால் முளைத்தவை ஒன்றையொன்று பட்டினி போடும். குழியில் ஈரச் சருகு, அதன்மேல் விதை கலந்த இலை, அதன்மேல் கட்டையும் ஆர்மில்லேரியா ஏறிய சுள்ளிகளும், இடுக்கில் மண். பிறகு இதே வரிசையில் இன்னொரு அடுக்கு.

ஏறக்குறைய மூன்று நான்கு வாரத்தில் விதை பருத்து, ஊசித்தலையளவு உருண்டையாகும். அதிலிருந்து ஒரு மெல்லிய தண்டு நீளும். அந்தத் தண்டு ஆர்மில்லேரியா சரடு ஒன்றைத் தொட்டுவிட்டால் பிழைத்தது. தொடாவிட்டால் குளிர்காலத்துக்குள் சுருங்கிப்போகும். விதைத்தவர்களில் பலருக்கு "முளைத்தது, ஆனால் தங்கவில்லை" என்பதன் காரணம் இதுதான்: மைசீனா இலைகள் ஓரிடத்தில், ஆர்மில்லேரியா கட்டைகள் ஓரிடத்தில் என்று தள்ளித் தள்ளிப் போட்டிருப்பார்கள். நறுக்கிய சுள்ளிகளை இலையின்மேலேயே இறைத்துவிடுவது அதற்காகத்தான்.

அடுத்த ஆண்டு அந்தச் சிறு கிழங்குகளை எடுத்துப் புதுக் கட்டையோடு மாற்றி நட்டால் அதற்கடுத்த குளிர்காலத்தில் விற்பனைக்கான கிழங்கு. சதுர மீட்டருக்கு 5 கிலோ பச்சைக் கிழங்கு வந்தால் திருப்திப்படலாம். அதே குழியில் மறுபடியும் நடாதீர்கள். பழைய கட்டையின் எச்சமும், அதில் குடியேறிய வேறு பூஞ்சைகளும், கழிவுகளும் மண்ணில் இருக்கும். குறைந்தது மூன்று ஆண்டு இடைவெளி விட்டு வேறு இடத்துக்குப் போய்விட வேண்டும். இதனால்தான் இந்தப் பயிர் மலைச்சரிவில் இடம் மாறிக்கொண்டே போகிறது, கூடவே ஓக் காடும் கட்டைக்காகக் குறைகிறது. வளர்ப்பு முறை காட்டுக் கிழங்கைக் காப்பாற்றியது என்று சொல்வார்கள். அது பாதி உண்மைதான். காட்டுத் தியென்மாவைச் சீனா 2021-இல் இரண்டாம் நிலைப் பாதுகாப்புப் பட்டியலில் வைத்தது. விறகுக்கான மரத்தையும் நட்டு வளர்த்தால்தான் கணக்கு நேராகும்.

அறுவடை நவம்பரில், முதல் உறைபனிக்குப் பிறகு. அல்லது மொட்டு கிளம்பும் முன் மார்ச்சில். தண்டு மேலே வந்துவிட்ட கிழங்கு மருந்துக்கு ஆகாது: சத்தெல்லாம் பூவுக்குப் போய், உள்ளே பொள்ளலாகி, மிஞ்சியதை ஆர்மில்லேரியாவே தின்று முடித்துவிடும். தோண்டும்போது கட்டையைத் தூக்கி எடுத்துவிட்டு, கிழங்கைக் கையால் பிரிக்க வேண்டும். மண்வெட்டி போடக் கூடாது. பிள்ளைப்பூச்சியும் வெண்புழுவும் எலியும் கடித்தவற்றைத் தனியே ஒதுக்கி உடனே விற்றுவிடுங்கள், தாங்காது.

கழுவி, பெரியது, நடுத்தரம், சிறியது என்று பிரித்து ஆவியில் வேகவைப்பது அடுத்தது. பச்சையாகக் காயவைத்தால் கிழங்கிலுள்ள நொதிகள் காஸ்ட்ரோடின் என்ற முதன்மைப் பொருளை உடைத்துவிடும், நிறமும் கறுக்கும். வெந்ததா என்பதற்கு ஒரு சோதனை: கிழங்கை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், நடுவில் வெள்ளைக் கருத் தெரியாமல் முழுக்க ஒளி ஊடுருவ வேண்டும். பிறகு 50 முதல் 60 டிகிரியில் காயவைக்க வேண்டும். ஆரம்பத்திலேயே சூட்டை ஏற்றினால் மேல்தோல் இறுகி, உள்ளே ஆவி அடைபட்டு உப்பிவிடும். உப்பியதை மூங்கில் ஊசியால் குத்தி அழுத்திச் சமப்படுத்துவார்கள். முக்கால்வாசி காய்ந்ததும் பலகையால் தட்டையாக்கி மீண்டும் உலர்த்துவார்கள். நாலைந்து கிலோ பச்சைக் கிழங்குக்கு ஒரு கிலோ உலர்ந்தது தேறும்.

வாங்குபவர்களுக்கு: உண்மையான தியென்மாவின் ஒரு முனையில் செம்பழுப்பு மொட்டின் எச்சம் இருக்கும், வியாபாரிகள் அதைக் கிளிமூக்கு என்பார்கள். மறுமுனையில் தாய்க்கிழங்கிலிருந்து பிரிந்த வட்டத் தழும்பு, தொப்புள்போல. இடையே உடலைச் சுற்றிப் பல வளையங்கள். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு வளையமும் வரிசையான நுண்புள்ளிகளால் ஆனது என்று தெரியும். உருளைக்கிழங்கு, டாலியா வேர், அந்திமந்தாரை வேர் ஆகியவற்றை அவித்துத் தட்டிப் போலியாக விற்கிறார்கள். மொட்டையும் தழும்பையும் ஒப்பேற்றிவிடலாம், புள்ளி வளையங்களை ஒப்பேற்ற முடியாது. உடைத்தால் கொம்புபோல இறுகி, ஓரளவு ஒளி ஊடுருவ வேண்டும். பளீரென்று வெளுத்து, முகர்ந்தால் புளித்த நெடி அடித்தால் கந்தகப் புகை போட்டது, அதை வாங்காதீர்கள். குளிர்காலக் கிழங்கு கனமாக, சுருக்கம் குறைந்து இருக்கும். வசந்தக் கிழங்கு இலேசாக, சுருங்கி, நடுவில் பொள்ளலாக இருக்கும், விலையும் குறைவாக இருக்க வேண்டும். தலைவலிக்கும் தலைச்சுற்றலுக்கும் சீன மருத்துவத்தில் இதைப் பயன்படுத்துகிறார்கள். வலிப்புக்கோ இரத்த அழுத்தத்துக்கோ ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

நம் பக்கத்துச் செடி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் எப்பிப்போஜியம் ரோசியம் என்ற இலையற்ற ஆர்க்கிட் இருக்கிறது. மழைக்காலத்தில் வெளுத்த தண்டோடு திடீரென்று கிளம்பிச் சில நாளில் மடிந்துவிடும். அதன் பூஞ்சையும் மட்கும் பொருளில் வாழும் வகைதான்; உயிருள்ள மரம் தேவையில்லை. ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்தப் பூஞ்சையோடு சேர்த்து விதையிலிருந்து பூக்கும் வரை ஆய்வகத்தில் வளர்த்து 2007-இல் வெளியிட்டார்கள். அதாவது வழி இருக்கிறது, ஆனால் பூஞ்சையைப் பிரித்தெடுத்து வளர்க்கும் கூடம் வேண்டும். காட்டில் கண்டால் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கிழங்கைத் தோண்டாதீர்கள். ஆர்க்கிட்கள் எல்லாமே, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் கீழ் வருபவை. கிழங்கையோ பூஞ்சை வித்தையோ வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நினைப்பவர்கள் அதற்கான அனுமதியும் தாவரத் தொற்றுத்தடுப்புச் சான்றும் முதலில் வாங்க வேண்டும்.